ஸ்கேனில் ஒன்றுமில்லை

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அருப்புக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் கேசரி கிண்டினோம். விசேஷம் ஒன்றும் கிடையாது. புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடும் பெட் ஸ்கேன் ரிப்போர்ட் முந்தின நாள் மதுரையில் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, எங்கயும் திரும்ப வரல, தைரியமா இருங்க" என்று சொன்னதுதான் தாமதம், திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்த அண்ணன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். ஐந்தரை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. ஊர் திரும்பும்போது காரியாபட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவனே இறங்கி முந்திரியும் நெய்யும் வாங்கினான்.

எல்லோரும் தின்றோம். பெரியம்மா மட்டும் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். "வயிறு திம்முனு இருக்கு தாயி, பெறகு தின்னுக்கிறேன்." பயந்து கிடந்ததால் பசி அடங்கிப்போயிருக்கும் என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். கேசரியைக் கண்டால் சட்டியை வழிக்கிற பெரியம்மா அவர். அந்த இரண்டு வாய்தான் இரண்டு வருஷமாக என்னை விடாமல் அரிக்கிறது.

ஸ்கேன் எடுக்கப் போனதே மூச்சு வாங்குகிறது என்பதால்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அதன் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. புற்றுநோய் வந்த வீட்டில் எந்த உபாதைக்கும் ஒரே கேள்விதான்: திரும்ப வந்துவிட்டதா? இல்லை என்று பதில் வந்துவிட்டால் அந்த உபாதையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

சிவப்பு மருந்து

பெரியம்மாவுக்கு இடது மார்பில் கட்டி தெரிந்தது 2017-இல். வயது 54. பெரியப்பா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அண்ணனை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முழுப் பரீட்சை லீவு முழுக்க அந்தப் பெடல் மெஷின் சத்தத்தில்தான் தூங்குவேன். வைத்தியம் முறைப்படிதான் நடந்தது. ஆபரேஷன், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு தடவை ஒரு கீமோ, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை இன்னொன்று, கடைசியில் 25 நாள் கரண்ட். ரேடியேஷனை எங்கள் பக்கம் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

முதல் நான்கு தடவை ஏற்றியது சிவப்பு மருந்து. ரோஸ்மில்க்கை இன்னும் அடர்த்தியாக்கினால் வருமே, அந்த நிறம். நர்ஸம்மா பக்கத்திலேயே நின்று மெதுவாக ஏற்றினார். அது நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து பாத்ரூம் போன பெரியம்மா அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று பயந்துவிட்டார். மருந்தின் நிறம்தான் அது என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அந்த மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். அது வந்த கதையைப் பின்னாளில் தேடிப் படித்தேன். 1950-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் காஸ்டெல் டெல் மோந்தே என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த சிவப்புச் சாயம் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. டானோரூபிசின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே நுண்ணுயிரின் மாறிய வகையிலிருந்து அடுத்து வந்ததுதான் பெரியம்மாவுக்கு ஏற்றிய மருந்து. பக்கத்தில் இருக்கும் அட்ரியாட்டிக் கடலின் பெயரை அதற்கு வைத்தார்கள். எங்கோ ஒரு கோட்டை மேட்டு மண் அருப்புக்கோட்டை வரைக்கும் வந்து ஒரு தையல்காரம்மாவின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் அந்த மருந்தை ஒருநாளும் திட்ட மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பெரியம்மாவைப் பற்றி நான் இறந்தகாலத்தில்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த மருந்து இதயத்தைத் தொடும் என்பதும் வந்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1979-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். உடம்பின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் 100-க்கு 3 பேருக்கும், 550 ஏறியவர்களில் 7 பேருக்கும், 700 ஏறியவர்களில் 18 பேருக்கும் இதயம் செயலிழந்தது. 2003-இல் இன்னொரு குழு பழைய ஆய்வுகளைத் திரும்ப அலசியபோது எண்ணிக்கை இன்னும் கூடியது: 400-க்கு 5 பேர், 550-க்கு 26 பேர். புற்றுநோய்ச் செல் பிரிந்து பெருகும்போது அதன் மரபிழையை அறுத்து அதைக் கொல்வதுதான் மருந்தின் வேலை. இதயத்தின் தசைச் செல் அப்படிப் பெருகுவதில்லை. ஆனாலும் அந்தச் செல்லுக்குள்ளும் இந்த மருந்து போய்ப் பிடித்துக்கொள்ள ஒரு நொதி இருக்கிறது. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்ந்துவிடும், உதிர்ந்த முடி முளைத்துவிடும். பெரியம்மாவுக்கு முன்னைவிடச் சுருள்சுருளாக முளைத்தது. இதயத்தில் போன செல் போனதுதான், அநேகமாகத் திரும்ப முளைக்காது.

பெரிய நோய் வந்தால்

இதை யோசிக்க யோசிக்க எனக்குத் தெளிவாகிற ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குள் புற்றுநோய் வந்துவிட்டால் அதுவரை இருந்த நோய்களுக்கெல்லாம் மரியாதை போய்விடுகிறது. பெரியம்மாவுக்கு 46 வயதிலிருந்து பிரஷர். கீமோ ஆரம்பிக்க ஒரு வருஷத்துக்கு முன் சுகரும் சேர்ந்திருந்தது. கீமோ நடந்த ஆறு மாதத்தில் வாந்திக்கு ஒன்று, வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று மாத்திரை மேல் மாத்திரை. ஒருநாள் பெரியம்மாவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "இத்தனை விஷத்த முழுங்குறேன், இதுல பிரசர் மாத்தர வேறயா" என்றார். எங்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. உயிரே ஊசலாடிக்கொண்டிருக்கும்போது பிரஷர் பெரிய விஷயமா என்றுதான் எங்களுக்கும் பட்டது.

வைத்தியம் முடிந்த பிறகு எங்கள் அன்பு வேறு சேர்ந்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் சத்துமாவு டப்பாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். "உடம்பு தேறணும்" என்று சித்தி வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். வாசல் தெளிக்கக்கூட விடாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணே தெளித்துவிடும். இரண்டு வருஷத்தில் பெரியம்மா பதினோரு கிலோ கூடினார். ஒல்லியாகிப்போன உடம்பு சதை போட்டதில் எங்களுக்கு அத்தனை சந்தோஷம். கண் பட்டுவிடும் என்று அம்மா சுற்றிப் போட்டார். பிரஷர், சுகர், எடை, நடக்காமல் உட்கார்ந்திருப்பது என்று இதயத்துக்கு எதிரான அத்தனையையும் நாங்களே பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறோம்.

பிரஷர் மாத்திரை திரும்ப ஆரம்பித்தது 2021 கடைசியில்தான். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த புதிது. வீட்டுக்கு வந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, 170-க்கு 100 என்று நோட்டில் எழுதினார். "கேன்சர் இருந்துச்சு, அதான்" என்று பெரியம்மா சமாதானம் சொன்னாராம். அந்த அக்கா, "கேன்சருக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம், இது தனியா பாக்கணும்" என்று கண்டித்து மாத்திரையைக் கையில் கொடுத்துப் போயிருக்கிறார். எத்தனையோ ஸ்பெஷலிஸ்ட்களிடம் காட்டிய உடம்பு அது. நான்கு வருஷமாக அதன் பிரஷரைப் பற்றிக் கவலைப்பட்டவர் அந்த அக்கா ஒருவர்தான்.

டாக்டர்களையும் நான் குறையாகவே பேசவில்லை. கீமோவுக்கு முன்னால் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு எண் அதில் வரும். 55-க்கு மேல் இருந்தால் நல்லது. பெரியம்மாவுக்கு 62. மருந்தைத் தாங்கும் இதயம் என்று சான்றிதழ் மாதிரி அந்தத் தாளை ஃபைலில் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்தரை வருஷம் எக்கோ கிடையாது. வருஷா வருஷம் மாமோகிராம், வயிற்று ஸ்கேன், ரத்தம். எல்லாச் சோதனையும் புற்றுநோயைத் தேடித்தான். சான்றிதழ் கொடுத்த இதயம் மருந்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

எத்தனை தலகாணி?

கேசரி கிண்டி இரண்டு மாதம் கழித்து, சித்திரை பிறந்த வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணி போன் செய்தார். பெரியம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்கிறாராம். பத்து நாளாகவே கட்டிலில் படுக்காமல் தையல் மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு, மெஷின் பலகையின் மேல் தலையைக் கவிழ்த்துத்தான் தூங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, பெறகு என்னத்தச் சொல்லி உங்கள அலைய விடச் சொல்ற" என்றார் பிறகு.

மதுரையில், பக்கத்தில் எது திறந்திருந்ததோ அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூக்குத்தி போட்ட பெண். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: கேன்சர் பேஷன்ட், 2017, இடது பக்கம், ரெண்டு மாசம் முந்தி பெட் ஸ்கேன் எடுத்தோம், கிளியர். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே பெரியம்மாவின் சேலைக் கரையைக் கொஞ்சம் ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பத்து எண்ணியிருப்பார். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. அப்போதுதான் நான் பாதத்தைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்து வெள்ளிக் கோடாக மட்டும் தெரிந்தது. பெரியப்பா போன பிறகும் கழற்றாமல் போட்டிருந்த மெட்டி அது. ஐந்தரை வருஷமாக அந்த உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த எங்களில் ஒருவர்கூட அந்தக் காலைப் பார்க்கவில்லை.

"எத்தனை தலகாணி வெச்சுப் படுக்குறீங்கம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

பெரியம்மா மூச்சுக்கு நடுவே, "தைப்பொங்கலுக்கு ரெண்டு. பெறகு மூணு. இப்ப ஒக்காந்துதான்" என்றார்.

யாராவது கேட்டிருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பார். அவருக்கு நாள் கிழமை உட்பட ஞாபகம் இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, "கீமோல சிவப்பு மருந்து ஏத்துனாங்களா? மொத்தம் எவ்வளவு டோஸ்?" என்றார். என்னிடம் இருந்த கனத்த ஃபைலில் அதற்குப் பதில் இல்லை. நாலு தடவை என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீர் இறங்க ஊசி போட்டுவிட்டு, விடிந்ததும் எக்கோ என்று எழுதினார். காலையில் எடுத்த எக்கோவில் 62 இருந்த இடத்தில் 31 இருந்தது. ஆஞ்சியோ பார்த்ததில் ரத்தக்குழாயில் அடைப்பில்லை. தசைதான் தளர்ந்து, இதயம் ஊதிப் பெருத்துப்போயிருந்தது. நுரையீரலில் நீர். குடலிலும் ஈரலிலும் நீர் கோத்ததால்தான் வயிறு திம்மென்று இருந்திருக்கிறது. கேசரியை இரண்டு வாயோடு நிறுத்தியது பயம் இல்லை, இதயம்.

90 பெருக்கல் 4

பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் மனு எழுதிக் கொடுத்து, மூன்று நடை நடந்து, கீமோ சார்ட்டின் நகலை வாங்கினேன். ஒவ்வொரு தேதிக்கும் நேராக "அட்ரியாமைசின் 90 மி.கி." என்று கையெழுத்தில் இருந்தது. நான்கு தடவைக்கு 360. பெரியம்மாவின் உயரத்தையும் எடையையும் வைத்து அப்போது அவர்கள் போட்ட உடம்புப் பரப்பு 1.5 சதுர மீட்டர். 360-ஐ 1.5-ஆல் வகுத்தால் 240. தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முதலில் எனக்குக் குழப்பம்தான். ஆபத்து என்று சொல்கிற 400, 550-க்கெல்லாம் பக்கத்திலேயே இல்லையே?

அதை இதய டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். 250-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய ஆள்தான். 250-க்குக் கீழே இருந்தாலும், பிரஷர், சுகர் மாதிரி இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தாலோ, இதயம் இருக்கும் பக்கம் கரண்ட் வைத்திருந்தாலோ அவர்களும் அதே கணக்கில்தான் வருவார்கள். பெரியம்மாவுக்கு இரண்டுமே இருந்தது. இடது மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது இதயத்தின் முன்பக்கம் வழியில்தான் இருக்கிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் மார்புப் புற்றுநோய்க்குக் கதிர் வாங்கிய 2,168 பெண்களின் பழைய கோப்புகளை எடுத்துக் கணக்கிட்டு 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. இதயத்துக்குப் போய்ச் சேரும் கதிரின் சராசரி ஒரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கூடினால் மாரடைப்பு மாதிரியான பெரிய இதயப் பிரச்சினைக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. அது ஐந்து வருஷத்துக்குள்ளேயே தொடங்கிக் குறைந்தது இருபது வருஷமாவது தொடர்கிறது. இப்போது பல இடங்களில் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் கதிர் கொடுக்கிறார்கள். நெஞ்சு விரியும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறது. இவ்வளவு எளிய ஒரு வழி. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இத்தாலியில் மிலான் நகரத்துப் புற்றுநோய் நிலையத்தில் இந்த வகை மருந்து ஏறிய 2,625 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து எக்கோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளியிட்டார்கள். 9 சதவீதம் பேருக்கு இதயம் தளர்ந்தது. அந்த ஒன்பதில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், 98 சதவீதம் பேருக்கு, கீமோ முடிந்த முதல் வருஷத்திலேயே எக்கோவில் அது தெரிந்துவிட்டது. உடனே மாத்திரை ஆரம்பித்ததில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது தேறியது. முழுக்கத் தேறியவர்கள் குறைவு. நான் இதைப் படித்தது ஆஸ்பத்திரி கேன்டீனில், போனில். 2018-இல் ஒரே ஒரு எக்கோ எடுத்திருந்தால் போதும். அப்போது மூச்சு வாங்கியிருக்காது, கால் வீங்கியிருக்காது. ஆனால் 62 என்பது 50 என்று இறங்கியிருப்பது அனேகமாகத் தெரிந்திருக்கும். ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த மருந்து ஏறிய எல்லோருக்குமே சிகிச்சை முடிந்த 12 மாதத்துக்குள் ஒரு எக்கோ எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1973 முதல் 2012 வரை புற்றுநோய் கண்ட 32 லட்சம் பேரைப் பார்த்ததில் 38 சதவீதம் பேர் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள், 11 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோயால். பத்தில் ஒருவருக்கு மேல். எங்களிடம் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டாம் பக்கம்

இத்தோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றியிருப்பேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுவாரம், ஃபைலைத் தேதிவாரியாக அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிப்ரவரி பெட் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்தது. மூன்று பக்கம். கடைசிப் பக்கத்துக் கடைசிப் பத்தியை நாங்கள் எத்தனை தடவை படித்திருப்போம் என்று கணக்கில்லை. அண்ணன் அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தான். இரண்டாம் பக்கத்தை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் படித்தேன். நெஞ்சுப் பகுதி என்ற தலைப்பின் கீழே, நுரையீரலில் முடிச்சு எதுவும் இல்லை, நிணநீர்க் கட்டி எதுவும் இல்லை என்பதற்கு அடுத்து ஒரு வரி: "மைல்ட் கார்டியோமெகாலி." இதயம் சற்றே பெரிதாக இருக்கிறது. அவ்வளவுதான், ஒரே வரி. அடுத்த வரி ஈரலுக்குப் போய்விட்டது.

ஸ்கேன் பார்த்திருக்கிறது. அதைப் படித்த ரேடியாலஜி டாக்டர் பார்த்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். எழுதியது தாளில் இரண்டு மாதம் கிடந்தது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதால் கடைசிப் பத்திக்கு வரவில்லை. கடைசிப் பத்திக்கு வராததால் புற்றுநோய் டாக்டர் கண்ணில் படவில்லை. "ஒண்ணும் இல்ல" என்ற சொல் காதில் விழுந்ததால் நாங்கள் படிக்கவில்லை. அந்த டாக்டர் மேல் கோபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பார்க்கிறவர் என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆங்கிலம் படித்தவள், பொறுப்பானவள் என்று ஃபைலை என் கையில் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு பக்கங்களை நான் புரட்டவே இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கீமோ எடுத்தால் இதயம் போய்விடும், பப்பாளி இலைச் சாறு போதும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற செய்திகளை நானும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மருந்தை முடித்த பிறகு இதயத்தையும் பாருங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் ஏறியது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் சிவப்பு மருந்துதான் என்றில்லை. மார்புப் புற்றுநோயில் சிலருக்கு ஒரு வருஷம் போடும் டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தைத் தளர்த்தும். அதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்த்துக்கொண்டே போடுவார்கள். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபின் மாத்திரையில் சிலருக்கு இதய ரத்தக்குழாய் இறுகி நெஞ்சு வலிக்கும். அதை வாயு என்று சோடா குடித்துச் சமாளிக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

பெரியம்மா இப்போது நான்கு வகை மாத்திரையில் இருக்கிறார். உப்பைக் குறைக்க முடியாது என்று முதல் மாதம் சண்டை, ஊறுகாய் பாட்டிலை அண்ணி ஒளித்து வைக்க அதற்கு ஒரு சண்டை. காலையில் எடை பார்த்துக் காலண்டர் தாளில் குறிக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 31 ஆறு மாதத்தில் 38 ஆனது, ஒரு வருஷத்தில் 44. அதற்கு மேல் ஏறவில்லை. ஏறாமலும் போகலாம் என்றார்கள். ஒரு தலகாணியில் படுக்கிறார். மெஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்திருக்கிறான் அண்ணன், மிதிக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. டோஸ் எழுதிய தாளை லேமினேட் செய்து கொடுத்தேன். அதற்கென்று மீந்த லைனிங் துணியில் ஒரு உறை தைத்து, ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.

அடுத்த எக்கோ இந்த மாதம் எடுக்க வேண்டும். போன வாரம் போன் செய்தேன். "தீபாவளி போகட்டும் தாயி, பதினேழு ஜாக்கெட்டு கெடக்கு, வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மெஷின் சத்தம்கூட இல்லை. பிறகு, "சரி, திங்கக்கெழம வா, போவோம். வரும்போது மருதயில ஊக்கு பாக்கெட்டு ரெண்டு வாங்கணும், இங்க கெடைக்கிறது துருப் பிடிக்குது" என்றார். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.